வால் நறுக்கிய கெண்டைகள்

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டுவதற்கு ஓரிரு வருஷம் முன்பு, விழிதியூர்ப் பக்கம் எங்கள் ஆற்றை ஒரு சுங்கச் சாவடி இரண்டாக்கி வைத்திருந்தது. கீழே பிரெஞ்சு ஆறு, மேலே இந்திய ஆறு. ஒரு புடவை கொண்டுபோனாலும் மடிப்பு மடிப்பாக உதறிப் பார்ப்பார்கள். கெண்டைகள் மட்டும் சாவடிக்காரரின் காலடியிலேயே போய்வந்துகொண்டிருந்தன.

கீழாற்றில் மீன் குத்தகை என் அப்பாவுக்கு. மேலாற்றில் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு. மாமா மகளை எனக்கென்று பேசி முடித்திருந்தார்கள். எனக்கும் அவள்மேல் கொள்ளை ஆசை.

ஆடியில் புதுத்தண்ணீர் வந்ததும் கெண்டைகள் எதிரேறி மாமா பக்கம் போய் முட்டையிடும். தன் சொத்து வெளிநாடு போவது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோடையில் வலையில் விழுந்த கெண்டைகளின் வால் முனையைக் கத்தரிக்கோலால் நறுக்கித் திரும்ப ஆற்றில் விட்டார். அடையாளமாம்.

"குஞ்சு பொரிச்சா அதுங்கள எப்படிப்பா கண்டுபுடிக்கிறது?" என்றேன்.

"அதுவும் வால் முனை இல்லாமத்தான் பொறக்கும். பெத்ததுக்கே இல்லாதது பிள்ளைக்கு எங்கேருந்துடா வரும்?"

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது அபத்தம் என்று தெரியும். தெரிந்தும், அவர் சொல்லச் சொல்லத் துரைக்கு மனு எழுதினேன்: மேலாற்றில் முனையற்ற வாலோடு பிறக்கும் சகல மீன்களும் பிரெஞ்சுப் பிரஜைகள். துரைக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும். பதில் வரவில்லை.

தை மாதம் மாமா வலை போட்டபோது, அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு சோதனைக்குப் போனார். கூடை நிறைய இளங்கெண்டைகள். அத்தனைக்கும் முழு வால்.

"உங்க பக்கத்துப் பெட்டை மீனுங்க எம் மீனைக் கெடுத்துருச்சு மச்சான்! எல்லாம் கலப்படம்!"

மீன் பிரித்துக்கொண்டிருந்த மாமா மகள் நிமிர்ந்தாள். "உங்களுக்கு ரெண்டு காதும் குத்தியிருக்கே மாமா. அத்தான் ஓட்டைக் காதோடயா பொறந்தாங்க?"

கரையே சிரித்தது. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். போதாக்குறைக்கு, "பெரியவங்ககிட்டப் பேசுற பேச்சா இது?" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அப்பாவும் மாமாவும் ஒரே வாரத்தில் சமாதானமாகி, முகூர்த்தம் குறிக்க உட்கார்ந்தார்கள். அவள்தான் முடியாது என்றுவிட்டாள். "நறுக்குன வால் பிள்ளைக்கு வராதுதான். ஆனா, அத்தானையே அவங்கப்பா நறுக்கித்தான் விட்டிருக்காரு. எனக்கு வேணாம்ப்பா." மாமா அவளை வற்புறுத்தவில்லை. எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்து துரைகள் போனார்கள், சாவடியும் போனது. எனக்கு வேறிடத்தில் கல்யாணமாகி மகன் பிறந்தான். அவன் என்னை எதிர்த்துப் பேசும்போது கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. கூடவே, அப்பா நறுக்கியது இவனுக்கு வரவில்லை என்று நிம்மதியாகவும் இருக்கிறது.