பங்காரம்மா முந்திக்கிட்டா

எங்க பங்காரம்மாவுக்கு மாப்பிள்ளையாப் பேசின வரதராஜுலு பேரக் கேட்டா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. கோவம் அவரு மேலயா, இவ மேலயான்னு கேட்டா சொல்லத் தெரியலீங்க.

தொண்ணூத்தி நாலுல, சிங்காநல்லூர்ல நாங்க வேலை செஞ்ச மில்லுக்குப் பிரான்சுலருந்து புது மிஷின் வந்துச்சு. அதை மாட்ட ஆளுகளும் வந்தாங்க. கான்வென்ட்ல பிரெஞ்சு படிச்சவ பங்காரம்மா ஒருத்திதான், அதனால அவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர்றது அவ வேலை. பக்கத்து டேபிள்ல டைப் அடிச்சுக்கிட்டே நானும் கேப்பேன்.

அந்த வாரம் பின்வாங்கற பாடம். அவங்க பாஷையில 'ரெத்தீரே'ன்னு ஒண்ணை வெச்சே பாதிய ஒப்பேத்திருவாங்களாமா. இங்கிலீஷ்ல முடியாது. ஒத்துக்கிட்டதுலருந்து நழுவினா பேக் அவுட், பதவிய விட்டா ஸ்டெப் டவுன், மரியாதையா ஒதுங்கிக்கிட்டா பௌ அவுட். கடைசி நேரத்துல பயந்து பின்வாங்கினா 'கோல்ட் ஃபீட்', கால் சில்லுன்னு போச்சுன்னு சொல்லோணுமாமா. அந்த ஆளுக ஷூவைத் தூக்கிக் காட்டிச் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. முப்பத்திநாலு வயசுல வரன் கூடி வந்த சந்தோசம்.

வரதராஜுலுவுக்குச் சூலூர்ல லேத் பட்டறை. பொண்ணு பாத்தாரு, புடிச்சிருச்சு. கோயில்ல பூ கேட்டுச் சொல்றோம்னு போனாங்க. வெள்ளைப் பூவையும் செவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டணமா மடிச்சுச் சாமி முன்னால போட்டு ஒண்ணை எடுக்கறது, வெள்ளை வந்தா கட்டறது. முன்னால வந்த வரனெல்லாம் 'பூ வரலீங்க'ன்னு சொல்லித்தான் கழண்டுக்கிச்சு. எங்கூருல வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா ஆரு சொல்றாங்க!

ஒருநா அவரு தனியா அவ ஊட்டுக்கு வந்தாரு. அன்னைக்கு நானும் அங்க இருந்தேன், நான்தான் காப்பி ஆத்திக் குடுத்தேன். டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு வேர்த்து ஊத்துது, பேச்சு வரல. பாடத்துல திக்கறவங்களுக்கு வார்த்தை எடுத்துக் குடுக்கற மாதிரி இவளே எடுத்துக் குடுத்தா.

"சங்கடப்படாதீங்க. இஷ்டமில்லீன்னா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேனுங்க."

அவரு நிமிந்து பாத்தாரு. "உங்க இஷ்டமுங்க"ன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சுட்டாரு.

கொஞ்ச நாள் கழிச்சு அவரோட அக்கா பஸ் ஸ்டாண்டுல என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. பூ வெள்ளையாத்தான் வந்துச்சாமா. அந்தப் பொட்டணத்தைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் வந்தாராமா. பொண்ணுக்கு மனசில்லீன்னு நெனச்சு ஒதுங்கிக்கிட்டாராமா. காங்கேயத்துப் பொண்ணைக் கட்டியுமாச்சு.

நேரா மில்லுக்கு வந்தேன். "கூறுகெட்டவளே, ஆருடி உன்னைய முந்தச் சொன்னது?"ன்னு கத்திப்போட்டேன். போர்டு அழிச்சுக்கிட்டிருந்தவ விஷயத்தைக் கேட்டு அப்படியே உக்காந்துட்டா.

"அப்படியெல்லாம் இல்லீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தேனுங்க்கா."