மரி-ரோஸ் வீட்டுப் பின்னறை ஊழியம்

சபை வெளியூருக்கு அனுப்புகிற மூத்த தம்பதி ஊழியம் என்பது, உடம்பு "காணும், போதும்" என்று சொன்ன பிறகு தொடங்குகிற ஒரே உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. மேலதிகாரி மிகவும் மேலே இருப்பதால் முறைப்பாடு சொல்லவும் வழி கிடையாது. சபையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்பதற்காகக் கையை உயர்த்தி மாட்டிக்கொண்ட அன்பர்களே, இது உங்களுக்காக எழுதுகிறேன். உங்கள் வலி எனக்குத் தெரியும். எனக்கு முழங்காலிலும் அது இருக்கிறது.

அழைப்பு

எங்கள் சபை பாரிசின் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் கூடுகிறது. பாஸ்டர் மன்னாவைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது கீழேயிருந்து கருவாட்டு மணம் வரும். ஒரு ஞாயிறு அவர் ரீயூனியன் தீவின் படத்தைத் திரையில் போட்டார். நீலக் கடல், தென்னை, எரிமலை. கரும்புத் தோட்ட வேலைக்கென்று அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுபோகப்பட்ட தமிழரின் வாரிசுகள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்களாம், இன்னும் அம்மனையும் காளியையும் கும்பிடுகிறார்களாம். தீவு பிரான்சுக்குச் சொந்தம் என்பதால் விசாவும் வேண்டாம். போவதற்கு ஆள்தான் வேண்டும்.

நகைக்கடைக்காரருக்கு அந்த நிமிடமே இடுப்பு பிடித்துக்கொண்டது. புறநகர் ஓல்னேயில் வீடு வாங்கிய குடும்பம் கண்ணை மூடிக்கொண்டு நீண்ட ஜெபத்தில் இறங்கியது. என் வீட்டுக்காரர் அருள் காலம் முழுக்க ஒரு ரெஸ்ரோறன்ற் குசினி அடுப்படியில் வெந்தவர், வீட்டுச் சட்டியைத் தொடாதவர், போன வருஷம்தான் ஓய்வு எடுத்தவர். மேடையிலிருந்து அவரை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் கையை உயர்த்தினார். என் கை அவருடைய கைக்குள் இருந்தபடியால் அதுவும் சேர்ந்து உயர்ந்தது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைப் பிடித்துக் கேட்டேன்.

"அங்கத்தைய சனத்துக்குத் தமிழ் தெரியுமோ பாஸ்டர்?"

"இல்லை அக்கா, அதெல்லாம் மறந்திட்டினம். பிரெஞ்சும் கிரியோலும்தான்."

"இவருக்குத் தெரிஞ்ச பிரெஞ்சிலை வெங்காயம்தான் வெட்டலாம். பிறகு எப்பிடிப் பிரசங்கம் செய்யிறது?"

பாஸ்டர் என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "அதைப் பற்றி யோசியாதேங்கோ அக்கா, ஆவியானவர் மொழிபெயர்ப்பார்."

வீட்டுக்காரி

ஆவியானவர் அந்த வேலையை என்னிடம் தந்துவிட்டார். ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கிய காலத்தில் படித்த பிரெஞ்சு என்னுடையது. படுக்கை விரிப்பு, துவாய், "மன்னிக்கவும் மதாம்" எல்லாம் சரளமாக வரும். மீட்பு, நித்திய ஜீவன் எல்லாம் வராது.

தீவில் எங்களுக்குத் தங்க இடம் தந்தவ மரி-ரோஸ் அப்பாசாமி. பள்ளிக்கூடக் குசினியில் சமைத்து ஓய்வு பெற்ற விதவை. முகம் அப்படியே பாரிசுப் பக்கம் ஆர்ஜொந்தெயில் இருக்கிற என் மச்சாளின் முகம். வாய் திறந்தால் கிரியோல். வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை அறையை எங்களுக்கு விட்டா. முற்றத்தில் சின்னதாக ஒரு காளி கோயில். வரவேற்பறையில் மாதா சொரூபம், பக்கத்தில் மகள் வெள்ளை உடையில் நிற்கிற, கத்தோலிக்கக் கோயிலில் எடுத்த முதல்நன்மைப் படம்.

பெட்டியைக் கீழே வைக்க முதலே இவர் ஊழியத்தைத் தொடங்கினார். "இயேசுவை அறிவீர்களோ எண்டு கேளும்" என்று என்னை இடித்தார். நான் கேட்டேன். மரி-ரோஸ் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னா: "இயேசுவை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், மிஸ்யு. காளியையும் தெரியும். உங்களைத்தான் இன்றைக்குப் பார்க்கிறேன்."

ழ

அசல் தமிழர் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி தெரு முழுவதும் பரவியது. சுவிசேஷம் கேட்க ஒருவரும் வரவில்லை. தமிழ் கேட்கத்தான் வந்தார்கள். முதலில் வந்தவர் அந்தப் பகுதி அம்மன் கோயில் பூசாரி காப்ரியேல். தகப்பன் பாட, அதைக் கேட்டுக் காதால் பாடமாக்கிய தமிழ்ப் பாட்டுகள் அவரிடம் இருந்தன. பொருள் முழுவதும் தெரியாது. "இது மழை கேட்கும் பாட்டு" என்று ஒன்றைப் பாடிக் காட்டினார். மழை வரவேண்டிய இடமெல்லாம் மலை வந்தது. அத்தனை காலமும் அவர்கள் அம்மனிடம் மலை கேட்டிருக்கிறார்கள். அந்தத் தீவைப் பார்த்தால், அம்மனும் குறைவைக்காமல் கொடுத்திருக்கிறா.

விக்கிரகப் பாட்டு என்று இவர் காதைப் பொத்தியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் பாதிப் பேருக்கு ழ வராது, இவருக்கு வரும், அதில் இவருக்குப் பெரிய பெருமை. அந்தப் பின்னேரம் முழுக்கப் பூசாரியின் முன்னால் குந்தியிருந்து, வாயைத் திறந்து, நாக்கு எங்கே வளையவேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். காப்ரியேல் போகும்போது மழை மழையாகவே வந்தது.

"நீங்கள் எந்தச் சாமிக்கு ஊழியம் செய்யிறியள்?" என்று கேட்டேன்.

இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இண்டைக்குத் தமிழுக்கு."

சிவப்பு எச்சரிக்கை

சில நாளில் சூறாவளி வந்தது. சிவப்பு எச்சரிக்கை விட்டால் அந்தத் தீவில் ஒருவரும் வெளியே காலெடுத்து வைக்கக்கூடாது. எங்கள் தகரக் கூரை நிற்காது என்று மரி-ரோஸ் எங்களைப் பெரிய வீட்டுக்குள் இழுத்துக் கதவைப் பூட்டினா. பட்டப்பகல், ஆனால் வீடு இருண்டு கிடந்தது. காற்றில் கதவு மூச்சு வாங்கியது. அவ மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினா, காளி இருந்த திசையைப் பார்த்துக் கற்பூரம் காட்டினா. இவர் முழங்காலில் நின்று உரத்த குரலில் கடலையும் காற்றையும் அதட்டினார். நான் இருவருக்கும் பொதுவாகப் பயந்துகொண்டிருந்தேன்.

பின்பக்கம் ஏதோ பெரிதாக முறிந்து விழுந்தது. மாமரம், எங்கள் அறைக்கு மேலே. நாங்கள் படுக்கிற கட்டில் இருந்த இடத்தில் இப்போது கொப்புகள் இருந்தன. இவருடைய ஜெபம் பாதியில் நின்றது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். மரி-ரோஸ் எங்களுக்குச் சூடாகத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டு, இவர் பக்கம் திரும்பினா.

"காப்ரியேலுக்கு மழைப் பாட்டில் அந்த எழுத்தைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே, மிஸ்யு?"

நேரடி ஒளிபரப்பு

அடுத்த ஞாயிறு மரி-ரோஸின் சொந்தமெல்லாம் மரம் வெட்டவும் கூரை போடவும் வந்து இறங்கியது. அண்ணன், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பெரிய பெரிய சட்டிகள். அந்த நேரம் பார்த்துப் பாஸ்டர் வீடியோவில் கூப்பிட்டார். லா சப்பலில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது, எங்களைப் பெரிய திரையில் போட்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் அத்தனை சனமும் வியர்த்து, கையை உயர்த்தி, ஒன்றாகச் சத்தம் போட்டது. அவர்கள் மரத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கோ சபையே, ஆத்துமாக்கள்!" என்றார் பாஸ்டர். "அருள் அண்ணை, ஆண்டவர் உங்களை எப்பிடிப் பாவிக்கிறார் பாருங்கோ!"

இவர் வாயைத் திறந்தார். திரையில் சபை முழுக்க எழுந்து நின்று கைதட்டுவது தெரிந்தது. நகைக்கடைக்காரர்கூட இடுப்பை மறந்து எழும்பியிருந்தார். இவர் வாயை மூடிக்கொண்டார்.

மரி-ரோஸின் அண்ணன் கோடாலியோடு வந்து போனுக்குள் எட்டிப் பார்த்தார். "எதற்குக் கைதட்டுகிறார்கள்? மரம் இன்னும் வெட்டி முடியவில்லையே."

கடற்கரை

மூடிய வாய்க்குக் கூலி கிடைத்தது. திரையில் கண்ட ஆத்துமாக்களுக்குக் கடலில் ஞானஸ்நானம் கொடுக்கப் பாஸ்டர் நேரிலேயே வந்தார், பெட்டி நிறைய வெள்ளை அங்கிகளோடு. வரப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து இவர் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்புவார். நான் மரி-ரோஸிடம், "எங்கள் சபைக்காரர் கடற்கரைக்கு வருகிறார், நீங்களும் வருவீர்களா?" என்று மட்டும் கேட்டேன். கடற்கரை என்றால் அந்தக் குடும்பத்துக்குக் காரணம் தேவையில்லை. சட்டி, விறகு, பாய் எல்லாவற்றோடும் வந்து நிழலில் இறங்கிவிட்டார்கள்.

பாஸ்டர் கூட்டத்தைக் கண்டு கண் கலங்கினார். அங்கியை மாட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தார். கரைக்காவல் பெண் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தா. சுறா நடமாட்டம், ஒருவரும் இறங்கக்கூடாது. சிங்கக் குகையில் தானியேலைக் காத்த தேவன் சுறாவிடமிருந்தும் காப்பார் என்று சொல்லச் சொன்னார் பாஸ்டர். சொன்னேன். "தானியேல் தனியாகப் போனார், மதாம்," என்றா அந்தப் பெண். "நீங்கள் குடும்பத்தோடு இறங்கப் பார்க்கிறீர்கள்."

"அப்ப ஒரு வாளியிலை தண்ணி அள்ளுவம்," என்று பாஸ்டர் திரும்பினார். "முதல் ஆளைக் கூப்பிடுங்கோ அண்ணை."

இவர் அசையவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "பாஸ்டர், இதிலை ஒருத்தரும் எங்கடை ஆக்கள் இல்லை. அண்டைக்கு இவையள் மரம் வெட்ட வந்தவை. இண்டைக்குச் சமைச்சுச் சாப்பிட வந்திருக்கினம். நான் சொல்லாமல் விட்டிட்டன்." குசினியில் முதலாளி ஏசும்போது தலையைக் குனிந்து நிற்கிற மனிதர் அன்றைக்குக் குனியவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

பாஸ்டர் கடலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். சட்டி திறக்கப்பட்டு கறி மணம் வந்தது. அங்கியைக் கழற்றி ஒழுங்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "முதல் சாப்பிடுவம் அண்ணை. சாப்பிடேக்குள்ளை எல்லாரும் தெரியிறமாதிரி ஒரு படம் எடுங்கோ, கீழை என்ன எழுதிறதெண்டு பிளேனிலை யோசிப்பம்."

சாட்சி

நாங்கள் லா சப்பலுக்குத் திரும்பியபோது அந்தப் படம் சபைச் சுவரில் தொங்கியது. கீழே "தீவில் அறுவடை" என்று எழுதியிருந்தது. இளவேனிலில் மரி-ரோஸ் பாரிசில் வேலை செய்கிற மகளிடம் வந்தா. எங்கள் சபையைப் பார்க்க வேண்டும் என்று அவதான் கேட்டா. பாஸ்டர் கண்டதும் மேடைக்கு ஏற்றிவிட்டார், கையில் மைக்கையும் கொடுத்தார்.

அவ பிரெஞ்சில் சொன்னா: "என் கணவர் செத்த பிறகு நான் அடுப்படியில் நின்றபடிதான் சாப்பிடுவேன். தனி ஆளுக்கு எதற்கு மேசை? இவர்கள் வந்தபிறகு மேசை போட்டேன். சாப்பிட்டு முடிய மிஸ்யுதான் சட்டி கழுவுவார். கடவுளைப் பற்றியும் நிறையச் சொன்னார், அது எனக்கு நினைவில்லை."

பாஸ்டர் மைக்கை வாங்கித் தமிழில் முழங்கினார்: "சகோதரி சொல்லுறா, இவையள் வந்தபிறகுதான் தான் கர்த்தருடைய பந்தியிலை இருந்தவவாம்!" முன்வரிசைத் தமிழ் எழுந்து கைதட்டியது. பின்வரிசையில் பிரெஞ்சு மட்டும் விளங்குகிற இளசுகள் கைதட்டவில்லை. ஒரு பிள்ளை கண்ணைத் துடைத்தாள்.

மரி-ரோஸ் இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து காதுக்குள் கேட்டா: "நான் சொன்னதையா சொன்னார், அல்லது வேறு யாராவது சொன்னதையா?"

ஆகமொத்தம், அந்தத் தீவில் மனந்திரும்பிய ஆத்துமா ஒன்றுதான், அதுவும் நான் இங்கிருந்தே கூட்டிக்கொண்டு போனது, இப்போது எங்கள் வீட்டுக் குசினிக்குள் சட்டி கழுவிக்கொண்டிருக்கிறது.