பெருமாயியின் வலது கை

மாரியப்பன் ஆறு வருசம் படுத்த படுக்கையாகக் கிடந்து கண்ணை மூடினான். எழவுக்கு வந்த சனம் செத்தவனைவிட அவன் பெண்டாட்டி பெருமாயியைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

"பெத்த தாய்கூட இப்பிடிப் பாக்க மாட்டா. முதுகுல ஒரு புண்ணு உண்டா பாருங்க. புண்ணியவதி" என்றார்கள்.

பெருமாயி தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் அழவில்லை. அந்தச் சொல்லை இன்னொரு வாய் சொல்லிவிடக் கூடாதே என்று இருந்தது அவளுக்கு.

மாரியப்பன் லாரி டிரைவர். நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு போனவன், ஆந்திராவில் ஒரு டீக்கடை வாசலில் டம்ளரைக் கையில் பிடித்தபடி சரிந்தான். திரும்பி வந்தபோது வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டிருந்தது, பேச்சும் போய்விட்டது. மகள் யுவஸ்ரீ சேலத்தில் கட்டிக்கொடுத்த பெண். ஆக, பெருமாயி ஒருத்திதான். விடிவதற்கு முன் அவனைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு, எருமப்பட்டிக்கு வெளியே இருக்கும் கோழிப்பண்ணைக்கு ஓடுவாள். கூண்டு கூண்டாக முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குகிற வேலை. பத்து மணிக்கு ஒருதரம் ஓடிவந்து அவனைப் புரட்டிப் படுக்கவைப்பாள், மத்தியானம் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். ஆறு வருசத்தில் ஒரு கல்யாணம் காட்சி என்று அவள் எங்கும் போனதில்லை.

சாவதற்குப் பதினோரு நாள் முந்தி அது நடந்தது. பங்குனி மாசம், காலையிலேயே வெக்கை. மாரியப்பன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். கெஞ்சிப் பார்த்தாள். ஒரு வாய் வாங்கினான், வாங்கியதை அவள் முகத்தில் துப்பினான். மாற்றிக் கட்டிய சேலையெல்லாம் கஞ்சி. பெருமாயியின் வலது கை தானாக எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தது.

"செத்தாவது தொலைய மாட்டேங்கறயே!"

அவன் அவளையே பார்த்தான். அப்புறம் ஒரு முரண்டும் பண்ணாமல் வாயைத் திறந்து, மிச்சக் கஞ்சியையும் குடித்துமுடித்தான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாசம் ஆனபோது அவளுக்கு வலது தோள் இறுகிப் பிடித்துக்கொண்டது. கையை மேல்வரிசைக் கூண்டுக்குத் தூக்க முடியவில்லை. சுகாதார நிலையத்து டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "மாத்திரை தாரேன். அது போதாதும்மா. பக்கத்து ரூம்புல யோகா டீச்சர் இருக்காங்க, போய்ப் பாருங்க" என்றார்.

நாளெல்லாம் குனிந்து நிமிர்கிறவளுக்கு யோகா வேறு கேடா என்று நினைத்துக்கொண்டேதான் போனாள். டீச்சர் ரஞ்சிதா மோகனூர்க்காரப் பெண், முப்பது வயசுகூட இருக்காது. சேலை கட்டியவர்களுக்குத் தகுந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழுத்தையும் தோளையும் மெல்ல அசைக்கச் சொன்னாள். மூச்சை எண்ணி விடச் சொன்னாள். எல்லாம் முடிந்து, "இப்பப் பாயில மல்லாக்கப் படுத்துக்கங்க. இது சவாசனம். பொணம் மாதிரி கையுங் காலும் அசையாமக் கெடக்கணுங்க" என்றாள்.

பெருமாயி படுத்தாள். கூரையில் மின்விசிறி சுற்றியது. ஆறு வருசமாக மாரியப்பன் பார்த்துக்கொண்டு கிடந்தது இப்படியொரு மின்விசிறியைத்தான். விருட்டென்று எழுந்தாள், செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வெளியேறிவிட்டாள்.

பதினைந்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பண்ணையில் கை தவறி ஒரு அட்டை முட்டை கீழே விழுந்து உடைந்த அன்றைக்குத்தான், வேறு வழியில்லாமல் மறுபடி போனாள். ரஞ்சிதா பாயை விரித்துப் போட்டாள்.

"மல்லாக்க வேண்டாங்கக்கா. ஒருக்களிச்சுப் படுங்க. கண்ண மூடோணும்னுகூட இல்லைங்க."

அப்படிப் படுத்தவள் தூங்கியே போனாள். எழுப்பியபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பகலில் படுத்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

வாரம் மூன்று நாள் போகத் தொடங்கினாள். கடைசிப் பத்து நிமிசம் வந்தவர்கள் எல்லோரும் சும்மா உட்கார வேண்டும். "மனசுல எது திரும்பத் திரும்ப வருதோ, அதப் பாருங்க. வெரட்டாதீங்க, புடிச்சும் வெச்சுக்காதீங்க. யாருகிட்டயும் சொல்ல வேண்டியதில்லை" என்பாள் ரஞ்சிதா.

பெருமாயிக்கு வந்தது அவன் கன்னத்தில் விட்ட அந்த அறை ஒன்றுதான். சத்தத்தோடு வரும். முதல் மாசம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகப்போக அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் தெரிந்தது. அன்றைக்கு முந்தின நாள் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது, மாத்திரை வாங்கக்கூட ஆளில்லை. அறைந்த பிறகு அதே கையால் வெந்நீர் வைத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். இதெல்லாம் நினைவுக்கு வந்ததனால் செய்தது சரி என்று ஆகிவிடாது. அது அவளுக்குத் தெரியும். ஆனால், அறைந்தவளும் தான்தான், துடைத்தவளும் தான்தான் என்று ஒருநாள் விளங்கியது. அன்றைக்கு அங்கேயே, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று விம்மி விம்மி அழுதாள். ரஞ்சிதா மற்றவர்களை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெருமாயி பஸ் ஏறிச் சேலம் போனாள். யுவஸ்ரீ ஃபேர்லேண்ட்ஸில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். அன்றைக்கு விடுமுறை, வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெருமாயி சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"கண்ணு, உங்கப்பனை நான் அடிச்சுப்போட்டேன். சாவச் சொல்லிப்போட்டேன். புண்ணியவதின்னு எல்லாருஞ் சொல்றாங்களே, அது பொய்யி."

யுவஸ்ரீயின் கை மடிப்பில் அப்படியே நின்றது. கோபப்படட்டும் என்று பெருமாயி காத்திருந்தாள்.

"மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு ஆரஞ்சோட வந்து நின்னுட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடி வந்தவம்மா நான்" என்றாள் மகள். "அப்பன அந்தக் கோலத்துல பாக்க முடியாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீ மட்டும் எப்பிடிப் பாத்தீன்னு ஒரு நாளாவது கேட்டனா? உன்மேல எனக்குக் கோவம் வருது. அதவிட எம்மேலதாம்மா வருது."

மிச்சத் துணியை இரண்டு பேரும் சேர்ந்து மடித்தார்கள். கிளம்பும்போது யுவஸ்ரீ பஸ் நிலையம்வரை கூட வந்தாள். அதற்கு முன் வந்ததில்லை.

கை இப்போது மேல்வரிசை வரைக்கும் எட்டுகிறது; மழைக்காலத்தில் மட்டும் பிடிக்கிறது. அசதி முழுசாகப் போகவில்லை. ஆறு வருசத்து அசதி ஆறு மாசத்தில் போய்விடுமா? சில நாள் கண்ணை மூடினால் அறைந்த சத்தம்தான் கேட்கிறது. கேட்டுவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

போன மாசி மாசம் பண்ணையில் உடன் வேலை செய்யும் ராஜம்மாள் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாமியார் இடுப்பு ஒடிந்து படுக்கையில் விழுந்து ஒரு வருசம். "இன்னைக்கு அந்தக் கெழவி கையப் புடிச்சு முறுக்கிப்போட்டேனுங்க அக்கா. நான் மனுசியே இல்லைங்க" என்றாள்.

பெருமாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னாள், கன்னத்தில் அறைந்தது முதல். ராஜம்மாள் முந்தானையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"வியாழக்கெழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் நான் உங்க ஊட்டுக்கு வாரேன். உங்க மாமியாரை நான் பாத்துக்கறேன்" என்றாள் பெருமாயி. "அந்த ரெண்டு மணி நேரம் நீ வேற எதுவும் பண்ணாதே. போய்ப் படு."

முதல் வியாழக்கிழமை ராஜம்மாள் ஐந்து மணிவரை தூங்கினாள். பெருமாயி கிழவிக்குத் தலை வாரிப் பின்னி முடித்திருந்தாள்.