ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னவள்

நாகலெட்சுமிக்கு வாய் நீளம் என்று வெள்ளைக்கல்லுத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லிந்துலையிலிருந்து மேலே ஏறும் பாதையில், தேயிலை ஃபெக்டரியைத் தாண்டி இருக்கிறது அந்தத் தோட்டம். அங்கே பிள்ளைக்காம்பராவில் அவள் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விடியக்காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள்; மாலையில் வந்து தூக்கிப் போவார்கள். நடுவில் அத்தனை பிள்ளைகளின் மூக்கும் தொட்டிலும் பால்மாவும் அவள் பொறுப்பு.

“பன்னெண்டு வயசுல கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவ. அங்க சிங்களமும் கத்துக்கிட்டா, எதுத்துப் பேசவும் கத்துக்கிட்டா” என்பார் மாயாண்டி. தோட்டத்தில் சங்கத் தலைவர் அவர்தான்.

முதலாவது சரி. இரண்டாவது அவள் கொழும்பில் கற்றதல்ல. அங்கே இருந்த வருஷங்களில் அவள் வீட்டுக்கார அம்மாளிடம் ‘சரி நோனா’ என்பதற்கு மேல் வாய் திறந்ததில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு ஊர் திரும்பிய பிறகுதான், அடக்கி வைத்ததையெல்லாம் பேசத் தொடங்கினாள். பிறகு நிறுத்தவேயில்லை.

தொண்ணூறுகளில் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போயின. பார்க்க வருகிறவர்கள் பெருகினார்கள். வெளிநாட்டு ஆட்கள் வரப்போகிறார்கள் என்றால் முதல் நாளே பிள்ளைக்காம்பராச் சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும். ஆபீசிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கும். அதற்குள் சிவப்புக் கட்டம் போட்ட சட்டைகள், பிளாஸ்டிக் பந்துகள், ஒரு மரக்குதிரை. வந்தவர்கள் போட்டோ எடுத்து, தேத்தண்ணி குடித்து, ஜீப் ஏறியதும் சட்டைகளைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்து மேலே அனுப்பிவிட வேண்டும். ஆயாவின் வேலைகளில் அதுவும் ஒன்று.

ஒருமுறை, கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவின் மகள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அலறினாள். பெட்டியை எடுக்க வந்த, தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் நாகலெட்சுமி சொன்னாள்: “ஐயா, குதிரைய விட்டுட்டு பெட்டியக் கொண்டு போங்க. வெள்ளக்காரவங்க பாக்க வந்தது குதிரையவா, புள்ளையவா?”

குதிரை போய்விட்டது. ஆயாவுக்குத் தண்டனையாக ஒரு வாரம் புல்லுவெட்டு மலையில் வேலை கிடைத்தது. அட்டை கடித்த கால்களோடு திரும்பி வந்தவள், அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டாள்.

இரண்டாயிரத்து ஆறில் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மடிக்கணினிகள் வந்தன. ஏதோ ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் கொடுத்தது. அன்றைக்கு மேடை, மாலை, மேளம் எல்லாம் இருந்தன. கரண்டு மட்டும் இல்லை. மின்கம்பங்கள் ஃபெக்டரியோடு நின்றுவிட்டன. பள்ளிக்கூடம் அரசாங்கத்தினுடையது, அங்கே போகும் பாதை தோட்டத்தினுடையது. கம்பத்தை யார் நடுவது என்று இரண்டு தரப்பும் வருஷக்கணக்காக ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்தன. ஆகையால் தலவாக்கலையிலிருந்து லொறியில் ஒரு ஜெனரேட்டர் வந்தது. பிள்ளைகள் கணினிகளின் முன்னால் உட்கார்ந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். மாலையில் லொறி ஜெனரேட்டரோடு இறங்கிப் போனது. கணினிகள் இரும்பு அலுமாரிக்குள் போயின.

போட்டோவில் முன்னால் இருந்தவள் நாகலெட்சுமியின் மகள் ஷாமிலா. அவள் சிரிப்பு அடுத்த வருஷம் நிறுவனத்தின் கலண்டரில் வந்தது. அதில் ஒன்றை அதிபர் தம் அறையில், அந்த அலுமாரிக்கு மேலேயே மாட்டினார்.

அதிபர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் அல்ல. கணக்கு நன்றாகச் சொல்லிக் கொடுப்பார். யுத்தத்தில் பாதை மூடிக் கிடந்ததால் வீட்டுக்குப் போக முடியாமல், பள்ளிக்கூடக் குவார்ட்டர்ஸில் தனியே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கணினி சொல்லிக் கொடுக்க நுவரெலியாவில் பயிற்சி பெற்று வந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். அலுமாரிச் சாவி அதிபரின் இடுப்பிலேயே இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, கணினிகள் எப்படிப் பயன்படுகின்றன என்று பார்க்க அந்த நிறுவனத்திலிருந்து வருகிறார்கள் என்ற செய்தி வந்தது.

அந்த வாரம் ஒருநாள், லயத்து வரிசையில் இருந்த தங்கள் வீட்டில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டே ஷாமிலா ஏதோ முணுமுணுப்பது நாகலெட்சுமியின் காதில் விழுந்தது.

“வீ யூஸ் தெம் எவ்ரி டே.”

“என்னாடி அது?”

“வெள்ளக்கார மேடம் கேட்டா சொல்லணுமாம்மா. தெனமும் நாங்க இதுலதான் படிக்கிறோம்னு.”

“படிக்கிறீங்களா?”

“அலுமாரிப் பூட்டு என்னா கலருன்னு கேக்கச் சொல்லு. கரெக்டா சொல்லுவேன்.”

“அப்பறம் ஏன்டி இந்தப் பொய்?”

ஷாமிலா கத்தியைக் கீழே வைத்தாள். “சும்மா கெடக்குன்னு தெரிஞ்சா தூக்கிட்டுப் போயி டவுன் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துருவாங்களாம். சார் சொன்னாரு. அன்னைக்கு ஒரே ஒரு மணித்தியாலந்தான் தொட்டேன்மா. என் பேர அடிச்சேன். அழிக்கிறதுக்குள்ள லொறிக்காரரு கரண்ட நிப்பாட்டிட்டாரு. இப்ப பொய் சொன்னா என்னைக்காவது மறுபடி தொடலாம்ல?”

நாகலெட்சுமி பதில் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருப்பது அபூர்வம். மகள் பயந்துபோய் மறுபடி கத்தியை எடுத்தாள்.

மறுநாள் பிள்ளைகளைத் தாய்மாரிடம் கொடுத்துவிட்டு நேரே அதிபரிடம் போனாள்.

“சார், பிள்ளைக்காம்பராவுக்கு ஃபெக்டரியிலேர்ந்து கம்பி இழுத்துக் கரண்டு குடுத்திருக்கு. சாயங்காலம் புள்ளைங்க போனா காம்பரா சும்மாதான் கெடக்குது. கொம்பியூட்டரக் கொண்டாந்து அங்க வைங்க. பெரிய புள்ளைங்க வந்து படிக்கட்டும். பொய்யே சொல்லத் தேவயில்ல.”

“தங்கச்சி, நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்காமலில்லை” என்றார் துரைராசா. “ஆனா பள்ளிக்கூடத்துச் சாமான் கேற்றைத் தாண்டேலாது. ஒண்டு உடைஞ்சால் ஆர் பதில் சொல்லுறது? நான் பென்சன் எடுக்கிற வயசில நிக்கிறன்.”

“அலுமாரிக்குள்ளயே கெடந்து செத்துப்போனா, யாரு சார் பதில் சொல்றது?”

“அதுக்கு ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்.”

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

செய்தி மாயாண்டிக்குப் போயிற்று. அவர் பிள்ளைக்காம்பராவுக்கே வந்தார்.

“ஏ லெட்சுமி, அன்னைக்கு ஒரு நாள் வாயப் பொத்திக்கிட்டு இரு தாயி. பொய்தான், இல்லேங்கல. பெரிய தொரை வர்றாருன்னா நாம கக்கூஸக் கழுவி வைக்கிறதில்லையா?”

“கக்கூஸக் கழுவினா நமக்கு ஒரு நாளாச்சும் சுத்தமா இருக்கும் தலைவரே. இதுல நமக்கு என்னா?”

“உள்ளதும் போயிரும்டி!”

“எது உள்ளது? அந்தப் பூட்டா?”

மாயாண்டி சிரித்துவிட்டார். உடனே சிரித்ததற்காகக் கோபப்பட்டு, குடையை உதறிக்கொண்டு போனார்.

வருகை நாளில் மலை முழுக்கப் பனி மூடியிருந்தது. லொறியில் மறுபடி ஜெனரேட்டர் வந்தது. அலுமாரியைத் திறந்தபோது உள்ளிருந்து ஈரவாடை அடித்தது. பல கணினிகளின் மேல் சாம்பல் பூத்ததுபோலப் பூஞ்சணம். துடைத்துக் கரண்டு கொடுத்தார்கள். பாதிக்கு மேல் விழிக்கவேயில்லை. விழித்தவற்றை முன்வரிசையில் வைத்து, பின்வரிசைப் பிள்ளைகளிடம் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா தட்டச் சொன்னார்கள்.

ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாளும், கொழும்பிலிருந்து அனோமா என்ற சிங்களப் பெண்ணும் வந்தார்கள். நிறுவனத்தின் இலங்கை வேலைகளை அனோமாதான் பார்த்தாள். நாகலெட்சுமி இடுப்பில் ஒரு குழந்தையோடு வகுப்பு வாசலில் நின்றாள். மகளிடம் அவள் பொய் சொல்லாதே என்று சொல்லியிருக்கவில்லை. கணினி வேண்டும் என்ற ஆசை பிள்ளையினுடையது. அதைக் கொண்டு அவளையே பொய் சொல்ல வைத்தவர்கள் பெரியவர்கள். பிள்ளையைத் தடுத்து என்ன பயன்?

வெள்ளைக்கார அம்மாள் ஷாமிலாவின் அருகே வந்து, கலண்டர் முகத்தை அடையாளம் கண்டு கன்னத்தைத் தட்டினாள். இதை எத்தனை தடவை பயன்படுத்துவீர்கள் என்று கேட்டாள். ஷாமிலா எழுந்து நின்றாள். பாடமாக்கிய வாக்கியத்துக்கு அவள் உதடுகள் குவிந்தன. பிறகு அப்படியே நின்றுவிட்டன. பிள்ளையின் காது மடல்கள் சிவப்பதை நாகலெட்சுமி வாசலிலிருந்து பார்த்தாள்.

விடுவிடென்று கட்டடத்தின் பின்பக்கம் போனாள். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் லொறிக்காரர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் நிறுத்துங்க” என்று சிங்களத்தில் சொன்னாள். அதிபர் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து அவர் நிறுத்திவிட்டார்.

வகுப்புக்குள் அத்தனை திரைகளும் ஒரே நேரத்தில் கறுத்தன. இரண்டு வருஷம் சும்மா கிடந்து பட்டரிகள் செத்திருந்ததால் ஒன்றுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இரைச்சல் நின்றதும் தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. பின்வரிசையில் ஒரு சின்னவன் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான்.

நாகலெட்சுமி உள்ளே வந்தாள். அனோமாவைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள்: “தினமும் இப்படித்தான் நோனா. இதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.”

கரண்டு இல்லாததை, அலுமாரியை, பயிற்சி பெற்ற ஆசிரியர் போய்விட்டதை, கரண்டு உள்ள பிள்ளைக்காம்பரா மாலையில் சும்மா கிடப்பதை எல்லாம் சொன்னாள். இத்தனை சாமான் கொடுத்தவர்கள் ஒரு கம்பிக்கு மட்டும் ஏன் யோசிக்கவில்லை என்று கேட்டாள். துரைராசா நெற்றியைத் துடைத்தார். என்ன சொல்கிறாள் என்று வெள்ளைக்கார அம்மாள் கேட்டதற்கு, அனோமா உடனே மொழிபெயர்க்கவில்லை. நின்றுகொண்டிருந்த ஷாமிலாதான், தான் பாடமாக்கியதில் மிஞ்சியதைக் கொண்டு சொன்னாள்:

“நோ கரண்ட், மேடம். எவ்ரி டே நோ கரண்ட்.”

தேத்தண்ணி குடிக்காமலேயே அவர்கள் புறப்பட்டார்கள். “பாத்தியா? ஒன் வாயால போச்சு” என்றார் மாயாண்டி. தோட்டத்தில் பாதிப்பேர் அதையே சொன்னார்கள். ஷாமிலா அம்மாவிடம் கோபிக்கவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அதைத்தான் நாகலெட்சுமியால் தாங்க முடியவில்லை.

சில நாட்களில் கணினிகளை ஏற்றிப் போக ஒரு வேன் வந்தது. மத்தியானக் கொழுந்து நிறுக்க இறங்கிய பெண்களிடம் அந்தச் செய்தி போயிற்று. வேன் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் முன்பே, பாதையில் நாகலெட்சுமியும் பேச்சியம்மாவும் இன்னும் பலரும் முதுகுக் கூடைகளோடு நின்றார்கள்.

“தள்ளுங்கம்மா” என்றான் வேனில் வந்த அலுவலன்.

“தள்ளுறோம். எங்க புள்ளைங்க மூஞ்சிய வச்சுக் கலண்டர் அடிச்சீங்கள்ல? அது எத்தன வீட்டுச் செவத்துல தொங்குதோ அத்தனையும் கழட்டிக் கொண்டாங்க. குடுத்துட்டு இத எடுத்துக்கிட்டுப் போங்க.”

“ஆமா, என்னையும் அந்தப் படத்துல ஓரத்துல எடுத்திருக்காங்க. அதையும் வெட்டிக் குடுங்க” என்றாள் பேச்சியம்மா. பெண்கள் சிரித்தார்கள். ஆனால் யாரும் நகரவில்லை.

அலுவலன் அனோமாவுக்கு ஃபோன் எடுத்தான். கொஞ்சம் பேசிவிட்டு ஃபோனை நாகலெட்சுமியிடம் நீட்டினான்.

“பள்ளிக்கூடத்துக்குக் கரண்டு வரும்வரை பிள்ளைக்காம்பராவில் வைத்தால், யார் பொறுப்பு?” அனோமாவின் குரல் களைத்திருந்தது.

“நான்.”

“நீங்கள் யார்?”

“காம்பரா ஆயா.”

அப்போது துரைராசா மெதுவாகப் பாதைக்கு இறங்கி வந்து கையை நீட்டினார். ஃபோனை வாங்கி, தம் உடைந்த சிங்களத்தில் சொன்னார்: “மிஸ், நானும் பொறுப்பு. திருப்பி அலுமாரிக்குள்ள வைக்க எனக்கு மனமில்லை.”

செத்தவை வேனில் போயின. வேலை செய்தவை இறங்கின.

அடுத்து கண்டாக்கையா வந்தார். தோட்டத்துக் கரண்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க முடியாது, கம்பியை வெட்டச் சொல்லியிருக்கிறார் துரை என்றார்.

“வெட்டுங்க ஐயா” என்றாள் நாகலெட்சுமி. “ஆனா இதே கம்பியிலதான் பச்சப்புள்ளைங்களுக்குத் தண்ணி கொதிக்க வைக்கிறேன். வெட்டினா நாளைக்குத் தாய்மாரு வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு வரமாட்டாங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்குத்தான் வருவாங்க. நாந்தான் கூட்டிட்டு வருவேன்.”

கம்பியை யாரும் வெட்டவில்லை. அவளுக்கு மறுபடி புல்லுவெட்டு மலை கிடைத்தது. பகலில் புல் வெட்டிவிட்டு மாலையில் வந்து காம்பராவைத் திறந்தாள்.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளைகள் பாயில் குவிந்து, ஒருவர் கையை ஒருவர் தள்ளி, கண்டதையெல்லாம் அமுக்கிப் பார்த்தார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தள்ளுமுள்ளில் ஒரு கணினி சரிந்து சிமெந்துத் தரையில் விழுந்தது. மூடியின் மூலை தெறித்தது. வாசலில் காவல்போல நின்ற துரைராசா, “ஐயோ!” என்று இரண்டு கையையும் தலையில் வைத்தார். பிள்ளைகள் உறைந்துபோனார்கள்.

“ஒடையட்டும் சார்” என்றாள் நாகலெட்சுமி. “தொட்டாத்தான ஒடையும்.” பிள்ளைகளைப் பார்த்து அதட்டினாள்: “என்னா பாக்குறீங்க? எரியுதான்னு அமுக்கிப் பாருங்க.”

ஷாமிலா அமுக்கினாள். திரை எரிந்தது. துரைராசா தெறித்த துண்டைக் குனிந்து பொறுக்கினார். சட்டைப் பைக்குள் போடப் போனவர், யோசித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாயில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

“தள்ளியிருங்கோ பாப்பம். என்ர பேரின்ர முதல் எழுத்து இதில எங்க கிடக்கு?”

“அதுகூடத் தெரியாதா சார்?” என்றது ஒரு குரல். காம்பரா முழுக்கச் சிரிப்பு வெடித்தது.