வழுக்கினால் மரியாதை இல்லை

செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்துக்கொள்கிறார் மைக் அக்கா. திரையில் யாரோ ஒருவர் செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறார். இவர் இருப்பதோ அரங்கின் மூலையில், அசையாத மர நாற்காலியில். ஆனாலும் கால் தரையில் பாவினால்தான் வாயில் வார்த்தை வருமாம். "அவங்க தொங்குறாங்க, எனக்குக் கால் கூசுது" என்கிறார்.

மலையேற்றம், பனிச்சறுக்கு, காட்டாற்றில் படகு விடுவது என்று சாகசப் படங்களாகத் திரட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிற விழா அது. ஒரு வேன், ஒரு திரை, வாடகைக்குக் கிடைக்கும் ஏதாவது ஓர் அரங்கு. படங்கள் பல மொழிகளிலிருந்து வருகின்றன. கீழே ஓடும் எழுத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடி தேடுகிறவர்களுக்கும், இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத சின்னதுகளுக்கும் சேர்த்து, படம் ஓட ஓடத் தமிழில் சொல்வது அக்காவின் வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

மலையைக் கிட்டத்தில் பார்த்ததுண்டா என்று கேட்டேன். "ஸ்டூல் மேல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். வீட்ல பல்பு மாத்துறதெல்லாம் அவர்தான்" என்றார். அவர் என்றால் கணவர். மின்விசிறியும் மிக்ஸியும் பழுது பார்க்கிறவர்.

மொழிபெயர்ப்போடு அக்கா நிறுத்திக்கொள்வதில்லை. படத்தில் இல்லாததையும் சேர்த்துக்கொள்வார். பனியில் காதை மூடாமல் நடக்கிறவரைப் பார்த்தால் திட்டு விழும். சூப்புப் பொட்டலத்தில் வெந்நீரை ஊற்றிக் குடித்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஏறினால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று உச்சுக்கொட்டுவார். நான் நாசூக்காகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னை முறைத்தார்.

தொழிலில் அவருக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் மூட்டை மூட்டையாக உடுப்பும் மாட்டிக்கொண்டு தூரத்தில் ஏறுகிற உருவம் ஆணா பெண்ணா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் தமிழில் ஒரு வினைச்சொல்லை முடிக்க அது தெரிந்தாக வேண்டுமே! ஆரம்ப காலத்தில் ஒரு படம் முழுக்க "ஏறுறான், ஏறுறான்" என்றே சொல்லிக்கொண்டு போனார். உச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றினால், தோளில் சரிந்தது நீளச் சடை. அரங்கமே சிரித்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் மரியாதைதான். ஏறுறாங்க, இறங்குறாங்க, டீ குடிக்கிறாங்க.

அந்த மரியாதையும் கால் வழுக்கும்வரைதான். வழுக்கிவிட்டால், "டேய், விட்றாத, பிடிச்சுக்கோடா" என்று அலறிவிடுவார். பெண்ணாக இருந்தாலும் டேய்தான். விழா நடத்துகிறவர் இதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். பாதிக் கூட்டம் இதைக் கேட்கத்தான் வருகிறது என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். "வழுக்கினப்புறம் என்னங்க வாங்க போங்க? அப்போ அது நம்ம பிள்ளைதானே" என்பது அக்கா சொல்லும் நியாயம்.

நம்ம பிள்ளை என்கிற இடத்தில்தான் சிக்கல். அக்காவின் ஒரே மகள் இந்த அரங்குகளில் வளர்ந்தவள். அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டே முன்வரிசையில் தூங்கிப்போவாள். இப்போது ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறாள். நாலு நாள் விடுப்பு சேர்ந்தால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறாள். யார் யாரையோ ஏறு ஏறு என்று உசுப்பிவிடுகிற அம்மா, மகள் பையை எடுத்தால் சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொள்வார். "நான்தான் வாய் வலிக்கச் சொல்லிச் சொல்லி அவளை ஏத்திவிட்டுட்டேன்" என்று என்னிடம் புலம்பினார். "உன் சரக்கு உன் வீட்லயே வித்துப்போச்சு" என்று கணவர் கிண்டல் செய்வதுண்டு. இப்போதெல்லாம் அந்த ஜோக் அந்த வீட்டில் எடுபடுவதில்லை.

போன வருடம் மகள் பாதி மலையில் கை நழுவி விழுந்தாள். கயிறு தாங்கிவிட்டது. தோள்பட்டை பிசகியதோடு போயிற்று. கூடப் போன தோழி அதைப் படம் பிடித்திருந்தாள். அது குறும்படமாகி, இந்த வருட விழாவுக்கும் தேர்வாகிவிட்டது. அதே மலைக்கு மறுபடி போக மகள் நாளும் குறித்துவிட்டாள். வீட்டில் தினமும் சண்டை. கடைசியில் மகளே ஒரு வழி சொன்னாள். "அம்மா, ஒரே ஒரு தடவை முழுசாப் பாரு. பாத்துட்டு நீ வேண்டாம்னு சொன்னா விட்டுடறேன். சத்தியமா."

எந்தப் படத்தையும் முன்கூட்டியே போட்டுப் பார்த்துப் பழகிக்கொள்கிற அக்கா, இதை மட்டும் தொடவில்லை. அந்தப் படம் தமிழிலேயே இருக்கிறது, நீங்கள் பேச வேண்டியதில்லை, பேசாமல் வீட்டில் இருங்கள் என்று விழா நடத்துகிறவர் சொன்னார். கையில் மைக் இல்லாமல் எனக்குப் படம் பார்க்க வராது என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். முன்வரிசையில் மகள். அவள் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில், பாறை மேல் அவள் ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிந்தாள். கை நழுவியது. அரங்கம் "டேய்" வருமென்று காத்திருந்தது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. கயிறு வெடுக்கென்று இழுத்துப் பிடிக்க, அந்தரத்தில் சுற்றிச் சுற்றி ஆடியவளின் முகம் கிட்டத்தில் வந்தது. உதடு வெளுத்திருந்தது. "எனக்குப் பயமா இருக்கு" என்றாள் திரையில்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் அக்கா மைக்கில்.

பழக்கதோஷம். தமிழைத் தமிழில் மொழிபெயர்த்ததற்கு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரையில் மகள் மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததைச் சொன்னாள்: "ஆனா இறங்க மனசில்ல." படம் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. அப்புறம்தான் அக்கா சொன்னார், அடுத்த தெருவுக்குக் கேட்காத குரலில்: "இறங்க மனசில்ல." இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் கூட்டம் வெளியே நகர்ந்தது. முற்றத்தில் பலகையால் செய்த ஏறுசுவர் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். மகள் ஏறிக்காட்டுவதாக ஏற்பாடு. அவள் இடுப்புப் பட்டையில் கயிற்றை முடிந்துகொண்டு, ஏறாமல் நின்றாள். அம்மா வருகிறவரை நின்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

ஏறப்போகிறவரின் முடிச்சைக் கூட இருக்கிறவர் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம் என்பது மலையேறுகிறவர்களின் வழக்கம். அக்கா குனிந்து, மகளின் இடுப்பு முடிச்சை இரண்டு கையாலும் பற்றிப் பலமாக இழுத்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை இழுத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்றார்.