புதன்கிழமை, பேஸ்மெண்டில் ஒரு பொறாமைக்காரி

போன புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வைட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மெண்டின் இரண்டாவது பேஸ்மெண்டில், ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கட்டின புருஷனை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். கையில் ஒரு ஃபிளாஸ்க் காபியும் வைத்திருந்தேன். யாராவது பார்த்துவிட்டால் 'அவருக்குக் காபி கொண்டுபோறேன்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே!

பார்த்துவிட்டார்கள். செக்யூரிட்டி முனிராஜ். உள்ளூர் அடுகோடிக்காரர், வீட்டில் தமிழ்தான். ஆனால் வாய் திறந்தால் கன்னடமும் கூடவே வந்துவிடும்; 'தும்ப' என்றால் நிறைய, 'மாத்தாடு' என்றால் பேசு.

"இன்னா மேடம், இங்க நிக்கறீங்க? சாவி கீவி தொலைஞ்சிடுச்சா?"

"ஒண்ணுமில்ல முனிராஜ். சும்மா."

"சாரா? அதோ, கார்லதான் கீறாரு. புதன்கிழமை ஆனா கரெக்டா வந்து குந்திக்குவாரு. தும்ப பேரு இப்டித்தான் மேடம்... ஊட்ல மாத்தாட மாட்டாங்க, கார்ல வந்து மாத்தாடுவாங்க. இன்னா டென்ஷனோ, பாவம்."

எனக்கு வயிறு எரிந்தது. முனிராஜ் மேல் இல்லை. காருக்குள் என் கணவர் தனியாக இல்லையே! டாஷ்போர்டில் செருகியிருந்த போனில் ஒரு பெண் இருந்தாள். அவளிடம்தான் மனுஷர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

அவசரப்படாதீர்கள். அந்த மாதிரி விஷயம் இல்லை. அந்த மாதிரி இருந்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும் — புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். இவள் கவுன்சலர். மனசு நொந்தவர்களைப் பேசவிட்டு, கேட்டு, தேற்றுவது அவள் தொழில். வாரம் ஒரு நாள், நாற்பத்தைந்து நிமிஷம். ஏற்பாடு செய்ததே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

கதை இதுதான். நாலு மாசத்துக்கு முன்னால் அவர் ஆபீசில் ஆள்குறைப்பு. இவர் வேலை போகவில்லை. போகப்போகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உட்காரவைத்து, விஷயத்தைச் சொல்கிற வேலை இவர் தலையில் விழுந்தது. பதினோரு பேர். அதில் பாதிப் பேரை இன்டர்வியூ செய்து வேலைக்கு எடுத்ததும் இவர்தான்.

அதற்கப்புறம் மனுஷர் மனுஷராக இல்லை. தட்டில் போட்ட சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. தூக்கம் போச்சு. கிரிக்கெட் ஓடும், இவர் டிவிக்கு மேலே இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பிப் போனவர், காரை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். மறந்துபோன லஞ்ச் டப்பாவைக் கொடுக்கப் போன நான்தான் பார்த்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சுதா."

எதைக் கேட்டாலும் இந்த ஒண்ணுமில்லதான். அன்றைக்கே டாக்டர் தோழி ஒருத்தியிடம் அழாத குறையாகக் கேட்டு, இந்தக் கவுன்சலரின் நம்பரை வாங்கி அவர் கையில் திணித்தேன்.

வீட்டிலேயே பேசலாமே, எதற்கு பேஸ்மெண்ட் என்கிறீர்களா? பேசலாம். பையன் புனேயில் வேலையில் இருக்கிறான், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். முதல் வாரம் பெட்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார். நான் கதவின் இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சட்டென்று கதவைத் திறக்க, உள்ளே விழாத குறை! இரண்டாவது வாரத்திலிருந்து கார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணால் அவருக்குக் குணமாகிக்கொண்டு வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? இருந்தது. ஒரு கால் டம்ளர் சந்தோஷம். மீதி முக்கால் டம்ளர் பொறாமை.

பின்னே என்ன? பத்து வருஷமாக 'வாக்கிங் போங்க, வாக்கிங் போங்க' என்று தொண்டை கிழியக் கத்தினவள் நான். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்! எங்கள் கல்யாண நாளுக்கு இந்த டிராஃபிக்கைக் காரணம் காட்டி ஒன்பது மணிக்கு வருகிறவர், புதன்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆபீசிலிருந்து கிளம்பிவிடுகிறார். அவள் சொன்னாள் என்று தினமும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதுகிறார். எனக்கு இந்த இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு காய்கறி லிஸ்ட் எழுதித் தந்ததில்லை.

அவள் போட்டோவையும் தேடிப் பார்த்துவிட்டேன். முப்பது வயசுகூட இருக்காது. சின்ன மூக்குத்தி, பின்னால் ஒரு மணி பிளான்ட். இந்தச் சுண்டைக்காய்க்கு என்ன தெரியும் என் புருஷனைப் பற்றி? ரசத்தில் கறிவேப்பிலையை ஒதுக்குவார் என்று தெரியுமா? பல்லியைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்பார் என்று தெரியுமா?

நானும் சும்மா இருக்கவில்லை. போனில் வீடியோ பார்த்துக் கவுன்சலிங் கற்றுக்கொண்டேன். எதிரே உட்கார வேண்டுமாம், தலையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டுமாம், குறுக்கே பேசக் கூடாதாம். ஒரு சாயங்காலம் டைனிங் டேபிளில் அதே போஸில் உட்கார்ந்து, குரலைத் தேனில் குழைத்து, "உங்க மனசு இப்ப என்ன சொல்லுதுங்க?" என்றேன்.

"பசிக்குதுன்னு சொல்லுது. உனக்குக் கழுத்து புடிச்சிருக்கா சுதா?"

என் கிளினிக் அன்றோடு மூடப்பட்டது.

தூணுக்குப் பின்னால் நின்ற புதன்கிழமைக்கு வருவோம். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

அழுகிறார்!

அவர் அப்பா போனபோதுகூட என் முன்னால் அழாத மனுஷர். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதவர். இத்தனை வருஷமாக எனக்குக் காட்டாத கண்ணீரை ஒரு ஆறு அங்குல போனுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பரிதாபம்தானே வந்திருக்க வேண்டும்? வரவில்லை. ஆத்திரம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன் — அவர் ஏன் அழுகிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. அவளிடம் ஏன் அழுகிறார் என்றுதான் யோசித்தேன்.

விடுவிடுவென்று போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.

அவர் திடுக்கிட்டு, போனில் ஏதோ சொல்லி அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். கண் சிவந்திருந்தது. "என்ன சுதா? யாருக்காவது ஏதாவதா?"

"காபி ஆறிடும்" என்றேன். எவ்வளவு அசட்டுத்தனம் பாருங்கள். அப்புறம் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "அவகிட்ட சொல்றதை என்கிட்ட சொன்னா என்னங்க? நான் என்ன மூணாம் மனுஷியா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அந்த எம்ஆர்ஐ ஞாபகம் இருக்கா?"

உங்களுக்கும் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பத்திரிகையில் என் பத்தி வருகிற இதே பக்கத்தில் எழுதினேன். அவருக்குத் தலைவலி, ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மெஷினுக்குள் போனவர் பயந்துபோய் மூன்று தடவை அவசர பெல்லை அழுத்தியதை வைத்து விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி ஒரு பத்தி. எத்தனை கடிதம்! எத்தனை ஃபார்வர்டு!

"அன்னிக்கு செத்துருவேனோன்னு நெஜமாவே பயந்துட்டேன் சுதா. வெளிய வந்ததும் உன் கையப் புடிச்சுச் சொன்னேன். அடுத்த வாரம் ஊரே சிரிச்சுது. ஆபீஸ்ல மீட்டிங்ல உக்காந்தா, 'சார், பெல் ஒண்ணு வெக்கட்டுமா?'ன்னு கேட்டாங்க. மூணு மாசம்."

"நீங்களும்தானே சிரிச்சீங்க?"

"எல்லாரும் சிரிக்கறப்ப வேற என்ன பண்றது?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏறியிருப்பேன். கோபமே இல்லை. "நான் பேசறப்ப நீ கேக்கறதில்ல சுதா. தலைப்பு தேடறே. உன் கண்ணுலயே தெரியும்."

செருப்பால் அடித்தாற்போல் இருந்தது. அதைவிடக் கேவலம் என்ன தெரியுமா? அந்த நிமிஷத்திலும், 'அட, நல்ல வரியா இருக்கே' என்று என் மனசு குறித்துக்கொண்டது. வெட்கங்கெட்ட மனசு.

பத்தி எழுதுகிற பெண்டாட்டி வாய்த்தது அவர் தலையெழுத்து. ஆனால் உங்களில் எத்தனை பேர் வீட்டில் எழுதாத பத்திக்காரர்கள் இருக்கிறீர்கள்? அண்ணன் போனில் அழுதால், வைத்த கையோடு அக்காவுக்கு போன். மகள் ஒரு கஷ்டத்தைச் சொன்னால், சாயங்காலத்துக்குள் ஃபேமிலி குரூப்பில் 'எல்லாரும் பிரார்த்தனை செய்யவும்'. பாசத்தில்தான் செய்கிறோம். யார் இல்லை என்றது? ஆனால் மனசு ஒடிந்துபோயிருக்கிறவருக்குத் தேவை பாசக்காரர் இல்லை, சொன்னது அங்கேயே நிற்கிற ஓர் இடம். அது வீட்டில் இல்லையென்றால் வெளியே தேடத்தான் வேண்டும். தேடிப் போகிறவரைத் தடுக்காதீர்கள். கார்க் கண்ணாடியைத் தட்டாதீர்கள்.

நம்முடையவர் தேறி வருகிறார், ஆனால் நம்மால் இல்லை — இந்தச் சந்தோஷத்தை விழுங்குவது கஷாயம் குடிப்பது மாதிரிதான் இருக்கிறது. இன்னும் எனக்கு முழுசாக இறங்கவில்லை. அந்த மூக்குத்திப் பெண்ணை நினைத்தால் இப்பவும் சுருக்கென்கிறது. ஆனால் அடுத்த புதன்கிழமையும் அவர் பேசுவார். நான் மாடியில் இருப்பேன். இதையும் அனுப்பும் முன்னால் அவரிடம் படிக்கக் கொடுத்தேன், முதல் தடவையாக. பேனாவை வாங்கி இரண்டு பாரா அடித்தார். நல்ல பாராக்கள். போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவரைக்காய் சீசனாச்சே, ஊறவைத்த மொச்சைக் கொட்டையைச் சமையலறையில் உட்கார்ந்து தோல் பிதுக்கிக்கொண்டிருந்தேன். வாக்கிங் முடிந்து வந்தவர், எதிரே உட்கார்ந்து தானும் ஒரு பிடி எடுத்தார். நாலைந்து கொட்டை பிதுக்கினார். அப்புறம், "அந்தப் பதினோரு பேர்ல முதல் ஆளு இருக்கான் பாரு சுதா..." என்று ஆரம்பித்தார்.

நான் நிமிரவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கிலோ கொட்டை தீர்ந்தது, அவர் பேச்சு தீரவில்லை. பிதுக்கினதையே மறுபடி எடுத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் அழுதார். நானும்.

என்ன சொன்னார் என்றுதானே கேட்கிறீர்கள்?

சொல்ல மாட்டேன். இந்த வாரம் நீங்கள் பொறாமைப்படுங்கள்.