இனிப்பு தெரியாத நாற்பது நிமிடம்

ஊசியின் காதுப்பக்கத்தால் வலது காலின் ஐந்து விரல்களையும் தொட்டுப் பார்த்த பிறகே தையல்கார அக்கா மிதிபலகையில் கால் வைக்கிறார். சர்க்கரை நோய்க்குப் பதினோரு வயது. சுண்டுவிரலில் உணர்ச்சி போய் ஒன்பது மாதம் ஆகிறது. "மிச்சமும் மரத்துப்போனா மிஷின எப்ப நிறுத்தணும்னு எனக்கு யாரு சொல்லுவா?"

கடைக்குப் பின்னால் கம்பிவேலியில் யாரும் நடாத ஒரு கொடி படர்ந்திருக்கிறது. பெயர் சர்க்கரைக்கொல்லி. மாத்திரையோடு தினம் அதில் இரண்டு இலை. மருத்துவரிடமே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். "மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க, அடிக்கடி டெஸ்ட் பாருங்க" என்றாராம். அக்காவின் கணக்கு வேறு: "ரத்தத்துல கொல்லுதோ என்னவோ சார், வாயில கொல்லுது. எனக்கு எதிரி நாக்குதானே."

தினமும் சாயங்காலம் கடையில் வந்து உட்காருகிற நானும் நம்பாமல் மென்றேன். ஒரே கசப்பு. அதன்மேல் போட்ட சர்க்கரை மணலாகக் கரகரத்தது. முப்பத்தெட்டாவது நிமிடம் இனிப்பு திரும்பியது. அக்காவுக்கு நாற்பது, ஏழு நாள் பார்த்துக் குறித்தேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லியா?" என்றவர், மறுநாள் தாமாகவே, "நேத்து எவ்ளோ சார்?" என்று விசாரித்தார்.

தைத்த துணியை வாங்க வருகிறவர்கள் குழந்தை பிறந்தது, வீடு வாங்கியது என்று இனிப்போடு வருவார்கள். அக்காவுக்கு மறுக்கத் தெரியாது. அதனால் கூட்டம் சேருமுன், நாலு மணிவாக்கில் இலை. பிறகு யார் எதை நீட்டினாலும் ஒரு கிள்ளு, "பிரமாதம்" என்று ஒரு சொல். மீதி பக்கத்துச் சைக்கிள் கடைக்காரருக்கு. "எனக்கு நாக்கு ரொம்ப நீளம்னு அவன் பொண்டாட்டிகிட்ட சொல்றானாம். தின்னு தீக்கறது அவன்."

நேற்று அக்காவின் மகள் வந்தாள். பேக்கரியில் சேர்ந்து மூன்று மாதம். முதன்முதலாகத் தனியாகச் செய்த கேக்கில் ஒரு துண்டு கொண்டுவந்திருந்தாள்.

"நாளைக்கு விக்க வைக்கலாமான்னு நீ சொல்லும்மா. பிரமாதம்னு மட்டும் சொல்லாத. அத எல்லாருக்கும் சொல்ற."

அக்கா கிள்ளப் போன கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நான் எப்ப சார் மென்னேன்?"

"நாலு மூணுக்கு. இப்ப நாலு இருபத்திரண்டு."

"அப்ப இன்னும்?"

"இருபத்தோரு நிமிஷம்."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா அவளுக்கு முக்காலியை நகர்த்திப் போட்டார். கேக்கில் நகக்கண் அளவு கிள்ளி ஊசிப்பெட்டியின் மூடிமேல் வைத்தார். பிறகு எழுந்து, சுவரில் தொங்கிய சட்டைகளை ஒருபுறம் ஒதுக்கினார். பின்னால் கடிகாரம் தெரிந்தது.